லாரிகளில் மிகை மின்னேற்றம்: காரணங்களும் பரிகாரமும்

தெற்கு அந்தமானில், துறைமுகக் குடாவின் வடகரையில் அமைந்துள்ள ஊர் பாம்பூஃப்ளாட். எதிர்க்கரையில் இருப்பது சாத்தம். 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலையினால் பெயர் பெற்ற சிறு தீவு. அதற்கு அப்பால் போர்ட் பிளேர் நகரம். 2024-ஆம் ஆண்டில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. இரு கரைகளுக்கும் இடையே மனிதர்களை மட்டுமன்றி வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுகள் ஓடுகின்றன. சில நிமிஷங்களில் கடந்துவிடக்கூடிய இந்த நீர்ப்பரப்பைத் தரை வழியே சுற்றிக் கடப்பதானால் பல பத்துக் கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். ஆதலால், சரக்கு லாரிகள் துறையில் வரிசையாக நின்று படகுக்குக் காத்திருப்பது இவ்வூரில் அன்றாடக் காட்சி.

அவ்வரிசையில் நிற்கும் லாரி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பாட்டரிகளுக்கு முன்பெல்லாம் மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும். இப்போது நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு வாரங்களில் முன்விளக்குப் பல்புகள் இரண்டு கருகிவிட்டன. பாட்டரிப் பெட்டியைத் திறந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வருகிறது. “பாட்டரி போய்விட்டது அண்ணே, புதிதாகப் போட்டுவிடலாம்” என்கிறான் பட்டறைப் பையன். புதிய பாட்டரிகள் போடப்படுகின்றன. ஒரு மாதத்திற்குள் அவையும் அதே கதியை அடைகின்றன. அடுத்தபடியாகப் பழி ‘டைனமோ’வின் மேல் விழுகிறது. அதையும் மாற்றுகிறார்கள். நோய் மட்டும் தீரவில்லை.

நாட்டின் பெருநிலத்தில் இது வெறும் பண நஷ்டம். தீவுகளில் இதற்கு மேலும் சில விளைவுகள் உண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். உள்ளூர்க் கடைகளில் கிடைக்காத உறுப்பு ஒன்று வேண்டுமானால் கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்த்துத்தான் காத்திருக்க வேண்டும். மேலும், வடக்கே திக்லிபூர் வரை செல்லும் அந்தமான் பெருவழி, ஜிர்காடாங் என்னுமிடத்திற்கு அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடுருவிச் செல்கிறது. அங்கு வாகனங்கள் குறித்த நேரங்களில், காவலுடன், ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லவேண்டும், இடையில் நிறுத்தலாகாது. அக்காட்டின் நடுவே ஒரு லாரி பழுதுற்று நின்றால், அது அந்த ஓட்டுநரை மட்டும் பாதிக்கும் தொல்லையன்று. ஆகவே, மிகை மின்னேற்றம் என்னும் இக்கோளாற்றின் காரணத்தைச் சரியாகக் கண்டறிவது எப்படி என்பதைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

மின்சாரம் பிறக்கும் விதம்

காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் இருக்க, அவற்றுள் ஒன்று அசையுமானால் கம்பியில் மின்னழுத்தம் தோன்றுகிறது. இத்தத்துவத்தை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். பாம்பூஃப்ளாட்டில் 2003-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 20 மெகாவாட் டீசல் மின்நிலையமும், லாரியின் என்ஜினுக்கு அருகே இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கும் சிறு இயந்திரமும் இந்த ஒரே தத்துவத்தின் பிள்ளைகளே.

பழைய லாரிகளில் டைனமோ இருந்தது. அது மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரம் தராது. சிலிக்கன் டையோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர் அதன் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் கார் இம்மாற்றத்தின் முன்னோடிகளுள் ஒன்று. சாதனம் மாறினாலும் பெயர் மாறவில்லை. நம் பட்டறைகளில் ஆல்டர்னேட்டரை இன்றும் பலர் டைனமோ என்றே அழைக்கின்றனர். அதன் ரெகுலேட்டரைக் ‘கட்டவுட்’ என்பாரும் உளர்.

ஆல்டர்னேட்டரின் நடுவே சுழலும் பகுதி ஒரு மின்காந்தம். அதற்கு வேண்டிய சிறிதளவு மின்னோட்டம், கார்பன் பிரஷ்கள் இரண்டின் வழியாகச் செலுத்தப்படுகிறது. இதனைப் புல மின்னோட்டம் என்பர். சுற்றிலும் அசையாது நிற்கும் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. அதனைக் குறைந்தது ஆறு டையோடுகள் ஒருதிசை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகின்றன.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. லாரியின் என்ஜின் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நின்றபடி இயங்கும்போது நிமிஷத்திற்கு 600 சுற்றும், விரைந்து செல்லும்போது அதைப்போல் மூன்று, நான்கு மடங்கும் சுழல்கிறது. வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும். இதைத் தடுத்து ஒரே நிலையில் வைப்பதுதான் ரெகுலேட்டரின் பணி. அது மின்னழுத்தத்தை ஓயாது அளந்து பார்க்கிறது. குறித்த அளவை எட்டியதும் புல மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. குறைந்ததும் மீண்டும் இணைக்கிறது. விநாடிக்குப் பல முறை இது நிகழ்கிறது. வயலுக்குப் பாயும் நீரின் அளவைப் பார்த்து மடையைத் திறந்தும் அடைத்தும் நிற்கும் நீர்ப்பாய்ச்சியின் வேலையே இது. அவன் கண் தவறினாலும், கை தவறினாலும் வயல் மூழ்கும். ரெகுலேட்டருக்கும் கண் ஒன்று உண்டு, கை ஒன்று உண்டு. மின்னழுத்தத்தை அளக்கும் கம்பி அதன் கண். புல மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் அதன் கை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் சோதனைகள் யாவும் எளிதில் விளங்கும்.

மிகையாக ஏற்றினால் நிகழ்வது என்ன?

கனரக லாரிகளில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் பெறப்படுகிறது. ஒவ்வொரு பாட்டரியிலும் ஆறு அறைகள். ஆக மொத்தம் பன்னிரண்டு. காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஈயப் பாட்டரியின் வழிவந்தவையே இவை. ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் இவற்றின் உள்ளடக்கம்.

என்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் பொதுவாக 27.6 முதல் 28.8 வோல்ட் வரை இருக்கவேண்டும். அதாவது, அறை ஒன்றுக்கு 2.3 முதல் 2.4 வோல்ட். இவ்வெல்லையைத் தாண்டினால், முழுதும் நிரம்பிய பாட்டரியால் மேலும் மின்சாரத்தைச் சேமிக்க இயலாது. அம்மின்சாரம் அமிலத்திலுள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், ஓர் அறையில் 0.336 கிராம் நீர் பிரிகிறது, ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவருகிறது. நிரம்பிய பாட்டரிகளில் 20 ஆம்பியர் வீணாகப் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு அறைகளிலும் சேர்த்து மணிக்கு 80 கிராம் நீர் போய்விடும். எட்டு மணி நேரப் பயணத்தில் அரை லிட்டருக்கும் அதிகமான நீர் மறைந்துவிடும். அதே வேளையில் மணிக்கு நூறு லிட்டர் ஹைட்ரஜன் பாட்டரிப் பெட்டியில் எழும்பும். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே போதும். ஒரு தீப்பொறியில் அது வெடிக்கும். பீடி நெருப்பும், தளர்ந்த முனையில் எழும் பொறியும் இதற்குப் போதுமானவை. வெடித்துச் சிதறுவது பிளாஸ்டிக் துண்டுகள் மட்டுமல்ல, கந்தக அமிலமும்தான். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். இக்கோளாற்றில் உண்மையான அபாயம் இதுவே என்பதைப் பட்டறையில் பணிபுரியும் இளைஞர்களுக்கு வற்புறுத்திக் கூறவேண்டும்.

பாட்டரிக்கு வெளியிலும் சேதம் நிகழ்கிறது. இழைப் பல்புக்கு மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் பாரத் ஸ்டேஜ் 6 வகை லாரிகளில் என்ஜினின் எரிபொருளையே மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி ஆள்கிறது. பல்பின் விலை சிறிது. அக்கருவியின் விலை பெரிது.

அறிகுறிகள்

ஓட்டுநர் இருக்கையின் எதிரிலுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியாதவரை மின்னேற்றம் ஒழுங்காக நடைபெறுகிறது என்று பலர் கருதுகின்றனர். இது பெரும் பிழை. அவ்விளக்கு பொதுவாக மின்னேற்றம் நின்றுபோனால் மட்டுமே எரியும். அளவுக்கு மீறினால் எரியாது. ஆகவே பிற அறிகுறிகளைக் கவனித்தல் வேண்டும். பாட்டரி நீர் விரைவில் குறைதல், பாட்டரி கைபொறுக்காத சூடு அடைதல், மூடிகளைச் சுற்றி அமிலம் கசிந்து முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்தல், நாற்றம், என்ஜின் வேகம் கூடும்போது விளக்குகள் கண்கூசும்படி பளிச்சிடுதல், பாட்டரியின் பக்கங்கள் உப்புதல் ஆகியவை முக்கியமானவை. அமிலம் கலங்கிப் பழுப்பு நிறம் அடைந்திருந்தால், தகடுகளின் பொருள் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இவற்றுடன் நீர் குறைந்த விதத்தையும் நோக்க வேண்டும். பன்னிரண்டு அறைகளிலும் ஒரே அளவில் குறைந்திருந்தால் மொத்த மின்னழுத்தமே மிகுந்திருக்கிறது என்று ஐயுறலாம். ஒரு பாட்டரியில் மட்டும் குறைந்திருந்தால் காரணம் வேறு. எந்தக் கருவியும் இன்றிக் கண்ணாலேயே அறியக்கூடிய இக்குறிப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

வரிசையான சோதனை

ஒரு நல்ல வோல்ட்டுமானியும், சிறிது பொறுமையும் இருந்தால் கோளாற்றின் இருப்பிடத்தைக் கண்டுவிடலாம். எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன் கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தல் முறையாகும்.

முதலாவது, என்ஜின் நின்றிருக்கும்போது பாட்டரிகளை அளத்தல். சில மணி நேரம் ஓய்ந்த, நன்கு ஏறிய இரு பாட்டரிகளும் சேர்ந்து 25.2 முதல் 25.6 வோல்ட் வரை காட்டும். தனித்தனியே அளந்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட இரண்டு வோல்ட் குறைந்திருந்தால் அதில் ஓர் அறை உள்ளுக்குள்ளேயே குறுக்கிணைப்பு ஆகிவிட்டது என்று ஐயுறலாம்.

இரண்டாவது, என்ஜினை நிமிஷத்திற்கு 1,500 சுற்று அளவில் ஓடவிட்டு, விளக்குகள் அணைந்த நிலையில், பாட்டரி முனைகளிலேயே அளத்தல். ஓட்டுநர் எதிரிலுள்ள முள்ளை நம்பலாகாது, அதுவே பழுதுற்றிருக்கலாம். 28.8-க்கு மேல் இருந்தால் தயாரிப்பாளரின் குறிப்பேட்டுடன் ஒப்பிட வேண்டும். 30 வோல்ட்டைத் தாண்டினால் ஐயத்திற்கு இடமின்றிக் கோளாறு உண்டு. உடனே என்ஜினை நிறுத்திவிட்டு அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

மூன்றாவது, மொத்தம் சரியாக இருந்தும் பாட்டரி கொதிக்குமானால், ஓடும் நிலையிலேயே இரண்டையும் தனித்தனியே அளத்தல். ஓர் அறை குறுக்கிணைப்பு ஆகியிருந்தால் 28 வோல்ட்டைப் பன்னிரண்டு அறைகளுக்குப் பதிலாகப் பதினொன்று மட்டுமே பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 2.33-க்குப் பதில் 2.55 வோல்ட் கிடைக்கிறது. அப்போது நல்ல பாட்டரி 15.3 வோல்ட்டும், பழுதுற்றது 12.7 வோல்ட்டும் காட்டும். 15.3 காட்டுவதைக் கண்டு அதையே குற்றவாளி என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. குற்றம் குறைவாகக் காட்டுவதன் மேல்தான். ஆல்டர்னேட்டரும் ரெகுலேட்டரும் இங்குத் தம் கடமையைச் சரிவரவே செய்கின்றன.

இதே தன்மையை மற்றொரு வழக்கமும் தோற்றுவிக்கிறது. பாட்டுக் கேட்கும் கருவிக்கும், கைப்பேசிக்கும், சிறு விளக்குகளுக்கும் வேண்டிய 12 வோல்ட்டை, இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டரி நாள்தோறும் வற்றுகிறது. மற்றொன்று நாள்தோறும் நிரம்பி வழிகிறது. மொத்தத்தை மட்டும் அளக்கும் ரெகுலேட்டருக்கு இது தெரியாது. 24 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் தரும் மாற்றுக்கருவி ஒன்றைப் பொருத்துவதே இதற்குப் பரிகாரம். பழைய பாட்டரி ஒன்றுடன் புதியது ஒன்றைச் சேர்ப்பதும் இவ்வாறே தீமை தரும்.

நான்காவது, ரெகுலேட்டரின் கண்ணைச் சோதித்தல். வெளியே பொருத்தப்பட்ட ரெகுலேட்டராக இருந்தால், மின்னழுத்தத்தை அளக்கும் கம்பி அதனை வந்தடையும் முனையில் அளக்க வேண்டும். பாட்டரியில் 30.6 வோல்ட்டும் அம்முனையில் 28.2 வோல்ட்டும் இருக்குமானால், நடுவழியில் 2.4 வோல்ட் தொலைந்துபோகிறது. ரெகுலேட்டர் தன்னிடம் வந்த அளவைக் கண்டு, எல்லாம் சரி என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. பொய்ச் செய்தி பெற்ற காவலனை நொந்து பயனில்லை. அக்கம்பியின் இணைப்புகள், ப்யூஸ், சாவி ஸ்விட்சின் தேய்ந்த தொடுமுனைகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய வேண்டும். ரெகுலேட்டரின் உலோக உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து எர்த்தையும் பார்க்கவேண்டும். அங்கு அரை வோல்ட் காட்டினாலும் தொடர்பு பழுதென்று கொள்ளலாம்.

ஐந்தாவது, கண் சரியாக இருப்பின், கையைச் சோதித்தல். என்ஜினை நிறுத்திவிட்டு, புல மின்னோட்டக் கம்பியை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, அதன் நுனி எதிலும் படாதவாறு நாடா சுற்றி வைத்து, மீண்டும் என்ஜினை ஓடவிட வேண்டும். மின்னேற்றம் அடியோடு நின்றுவிட்டால், ரெகுலேட்டரின் உள்ளேயுள்ள டிரான்சிஸ்டர் நிரந்தரமாகத் திறந்து நின்றுவிட்டது என்று முடிவு செய்யலாம். ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். கம்பியைக் கழற்றிய பின்னும் மிகையாகவே ஏறினால், அக்கம்பியோ பிரஷ் பிடியோ எங்கேனும் தோல் உரிந்து, தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புதிய ரெகுலேட்டர் போட்டாலும் இது தீராது. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே அமைந்த புதிய வகைகளில் இச்சோதனை இயலாது. அவற்றில், வெளிக்கம்பிகள் யாவும் சரியென உறுதிப்பட்ட பின்னரே ரெகுலேட்டரும் பிரஷ் பிடியும் சேர்ந்த பகுதியை மாற்றுதல் வேண்டும்.

வெப்பத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். பாட்டரி சூடாகுந்தோறும் அதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறைகிறது. அறை ஒன்றுக்கு, ஒரு பாகை செண்டிகிரேடுக்கு, ஏறத்தாழ 4 மில்லிவோல்ட். 25 பாகையில் 28.4 வோல்ட் தகுமானால், 45 பாகையில் ஏறக்குறைய 27.4 வோல்ட்டே போதும். குளிர்நாடுகளுக்கென அமைக்கப்பட்ட ரெகுலேட்டர் குளிர்காலமே அறியாத அந்தமானில் மெல்ல மெல்லப் பாட்டரியைக் கொதிக்க வைக்கும்.

உப்புக் காற்றின் பங்கு

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கடற்காற்றில் உப்பு எப்போதும் கலந்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது தெற்கு அந்தமானின் கரையோரத் தாழ்நிலங்கள் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தன; அதன்பின் பல தாழ்ந்த இடங்களில் கடல்நீர் ஏற்றத்தின்போது உட்புகுவது வழக்கமாயிற்று. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்புக் கம்பியின் இணைப்புகள் பச்சை பூத்து மின்தடையாகின்றன. பருமனான கம்பியில் மெல்லிய படலம் பூத்தால் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். ஆனால், மின்னழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியில் அதே படலம் ரெகுலேட்டரின் கண்ணை மறைத்துவிடுகிறது. ஆகவே கடலோரங்களில் நாம் முதலில் சந்தேகிக்க வேண்டியது இயந்திரத்தையன்று, இணைப்புகளையே. இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் லாரி ஓட்டுவோருக்கும் இது பொருந்தும்.

இணைப்புகளைச் சுரண்டித் துடைத்து, இறுக முடுக்கி, மேலே வாஸலீன் தடவி வைப்பது அதிகச் செலவில்லாத பாதுகாப்பு. பாட்டரிக்கு வாலைவடி நீர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

செய்யத் தகாதவை

ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறதா என்று அறிய, ஓடும் என்ஜினில் பாட்டரியின் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்திலிருந்து வந்தது. இதை அறவே கைவிட வேண்டும். பாட்டரி திடீரென விலகும்போது சுற்றில் மின்னழுத்தம் ஒரு கணத்தில் நூறு வோல்ட்டையும் தாண்டும். டையோடுகளும் மின்னணுக் கருவிகளும் அக்கணமே அழியும். ஆல்டர்னேட்டரின் முனையை லாரியின் உடலோடு உரசிப் பொறி பார்ப்பதும் அத்தகையதே. பாட்டரியைக் கழற்றும்போது எர்த்துக் கம்பியை முதலிலும், பொருத்தும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கும் பாட்டரியின் மூடியை உடனே திறக்காமல், என்ஜினை நிறுத்திப் பெட்டியைத் திறந்து காற்றாட விட்டுப் பிறகே அணுக வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிஷம் தூய நீரால் ஓயாது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

வழியில் நேர்ந்தால்

பட்டறைக்கு வெகு தொலைவில் கோளாறு தெரியவந்தால் என்ன செய்வது? வெளி ரெகுலேட்டர் உடைய பழைய வகை டீசல் லாரியாயின், என்ஜினை நிறுத்திப் புல மின்னோட்டக் கம்பியைக் கழற்றி, நாடா சுற்றிவிட்டுப் பகலில் பயணத்தைத் தொடரலாம். அவ்வகை என்ஜினுக்கு ஓடிக்கொண்டிருக்க மின்சாரம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இரவானாலும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விளக்குகள் மொத்தம் 200 வாட் இழுத்தால், 24 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர். 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் ஒன்பது மணி நேரம் தாங்கும். ஆனால் என்ஜினை அடிக்கடி நிறுத்திக் கிளப்பலாகாது. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதிய லாரிகளில் இவ்வழி பொருந்தாது. அவற்றில் விளக்குகளை எல்லாம் எரியவிட்டு, என்ஜின் வேகத்தைக் குறைத்து, அருகிலுள்ள பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உதவி நாடுவதே முறை. எவ்வகையாயினும், காப்புக்காட்டின் வாயிலைக் கடப்பதற்கு முன் பாட்டரி முனையில் ஒரு முறை வோல்ட்டுமானியை வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. அவ்விரண்டு நிமிஷங்களைச் செலவிடத் தயங்கலாகாது.

வகுப்பறையில் காட்டக்கூடியவை

பள்ளி ஆசிரியர்கள் இப்பொருளை இரண்டு எளிய சோதனைகளால் விளக்கலாம். மிதிவண்டியின் டைனமோவில் பல்பை இணைத்துச் சக்கரத்தை மெதுவாகவும் விரைவாகவும் சுழற்றினால், வேகத்துடன் ஒளி கூடுவதை மாணவர் காண்பர். ரெகுலேட்டரின் தேவை விளங்கிவிடும். அடுத்து, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சிறிது சமையல் சோடாவைக் கரைத்து, இருபுறமும் சீவிய பென்சில்கள் இரண்டை அதில் நிறுத்தி, 9 வோல்ட் உலர்பாட்டரியின் முனைகளோடு இணைக்கலாம். இரு நுனிகளிலும் குமிழ்கள் எழும். எதிர்முனையில் எழும் ஹைட்ரஜன், நேர்முனையில் எழும் ஆக்சிஜனைப் போல் இரு மடங்காக இருப்பதை மாணவர் கூர்ந்து நோக்கலாம். லாரியின் பாட்டரியில் நீர் மறைவது இவ்வாறுதான். இச்சோதனைக்குச் சாப்பாட்டு உப்பைச் சேர்க்கலாகாது. குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். குமிழ்களைக் குப்பியில் சேர்த்து நெருப்புக் காட்டுவதும் கூடாது.

முடிவாக

நாம் தொடக்கத்தில் கண்ட லாரிக்கு மீண்டும் வருவோம். அதில் பன்னிரண்டு அறைகளிலும் ஒரே அளவில் நீர் குறைந்திருந்தது. பாட்டரிகள் இரண்டும் சமமாக இருந்தன. ஓடும்போது பாட்டரி முனையில் 30.6 வோல்ட், ரெகுலேட்டரின் முனையில் 28.2. கம்பியைத் தடவிச் சென்றால், ஓட்டுநர் அறைக்கு அடியில், சேறும் உப்பும் படிந்த ஓர் இணைப்பு பச்சைத் தூளாக உதிர்கிறது. அதை வெட்டி, புதிதாக முறுக்கிப் பற்றவைத்து மூடினால், வோல்ட்டுமானியின் முள் 28.2-க்கு இறங்கி நிற்கும். ஒரு சாண் கம்பியும் சிறிது ஈயமும் கேட்ட நோய்க்கு, இரண்டு பாட்டரிகளும் ஓர் ஆல்டர்னேட்டரும் ஏற்கெனவே பலியாகிவிட்டன.

ஊகித்து மாற்றுவதினும் அளந்து அறிவது சிக்கனமானது. பொருள்கள் கடல் கடந்து வரவேண்டிய தீவுகளில் இது இன்னும் உண்மை. பட்டறைதோறும் ஒரு வோல்ட்டுமானியும், அதனைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் இளைஞனும் இருப்பின், பாட்டரிகளின் ஆயுளோடு மனிதர்களின் கண்களும் காப்பாற்றப்படும்.